ஆம்ஹோல் சின்னதா இருக்கணும்

எங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் எங்க அண்ணனைத்தான் டெய்லர்னு நெனப்பாங்க. கழுத்துல டேப் தொங்கும், காதுல பென்சில் சொருகியிருக்கும், வாய் மட்டும் ஓயவே ஓயாது. "சார் நிறத்துக்கு இந்தக் கலர் எப்படி எடுத்துக் கொடுக்குது பாருங்க"ன்னு ஆரம்பிச்சார்னா, ஒரு சட்டை தைக்கலாம்னு வந்த ஆளு கோட்டு சூட்டுக்கு அளவு கொடுத்துட்டுப் போவான். டேப் பிடிக்கிறது அண்ணன்தான், நான் இல்லேங்கல. ஆனா வெட்டுறது யாரு? திரைக்குப் பின்னாடி ஒரு ரூம், அதுல ஒரு நீள மேஜை, அதுக்கு முன்னாடி செருப்பில்லாம நிக்கிறாங்களே எங்க அண்ணி, அவங்கதான். ஊர்ல பெரிய மனுஷன்னு நெஞ்சை நிமித்திட்டுப் போறவன்ல பாதிப் பேருக்கு அந்த நெஞ்சை வெட்டிக் கொடுத்தது எங்க அண்ணி. இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

நான் யாருன்னு கேட்டா, தேய்க்கிறவன். கடையில என் பேரே 'பெட்டி'தான். இஸ்திரிப் பெட்டியோடயே பொறந்தேன்னு இவங்களுக்கு நெனப்பு. சிரிக்காதீங்க. சூட் தைக்கிற கடையில தேய்க்கிறவன் சரியில்லேன்னா கோட்டு கோணிப்பை மாதிரிதான் தொங்கும். தட்டையா கெடக்கிற துணியில நெஞ்சு மேடும் முதுகு வளைவும் வர்றது பாதி கத்திரியில, பாதி என் சூட்டுல. இதை நான் வாயைத் திறந்து சொன்னா அண்ணன் "ஆரம்பிச்சுட்டான்டா"ம்பார். அண்ணி மட்டும் "தம்பி சொல்றது சரிதான்"ம்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னும் இந்தக் கடையில வெந்துக்கிட்டு இருக்கேன்.

கல்யாணமாகி வந்தப்போ அண்ணிக்குத் தெரிஞ்சது காஜா எடுக்கிறது மட்டும்தான். பட்டன் நுழையிற ஓட்டைக்கு ஓரம் கட்டுறது. அப்போ அண்ணன்தான் வெட்டுவார். அவர் வெட்டின கோட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது, கூடப் பொறந்தவர். முன்னாடி பார்த்தா மாப்பிள்ளை, பின்னாடி பார்த்தா மூட்டை தூக்கி, அவ்வளவுதான் சொல்லுவேன். ஒரு நாள் யாரோ ஒருத்தர் ஒரு பழைய கோட்டைக் கொண்டு வந்து லைனிங் மட்டும் மாத்தச் சொன்னார். எங்கயோ வெளியூர்ல நல்ல கையில தைச்ச கோட்டு. அண்ணி லைனிங்கைப் பிரிச்சாங்க. உள்ள எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் காலரைப் பிரிச்சாங்க, கையைப் பிரிச்சாங்க, தோளைப் பிரிச்சாங்க. அண்ணன் டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தப்போ கோட்டு தரை முழுக்கத் துண்டு துண்டா கெடக்குது, நடுவுல அண்ணி சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க.

"அடிப்பாவி! அந்தாளு வந்து கோட்டு எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எங்க போச்சு? இங்கதானே இருக்கு. இப்பதான் எங்க எது இருக்குன்னே தெரியுது" அப்படின்னாங்க அண்ணி, தலையைக் கூட நிமிர்த்தாம.

அன்னைக்குத்தான் எங்க மூணு பேருக்குமே புரிஞ்சுது, கோட்டுங்கிறது வெளிய தெரியற துணி இல்லேன்னு. துணிக்கும் லைனிங்குக்கும் நடுவுல முரட்டு கேன்வாஸ் ஒண்ணு இருக்கு. அதைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. கையால, பொடிப் பொடித் தையலா, துணிக்கு வலிக்காத மாதிரி பிடிச்சு வைக்கணும். அப்பத்தான் அது போடுறவன் உடம்புச் சூட்டுக்கு மெல்ல மெல்ல அவன் நெஞ்சு மாதிரியே ஆகும். அண்ணி ஒவ்வொரு துண்டையும் தடவித் தடவிப் பார்த்துட்டு, எல்லாத்தையும் திரும்பக் கூட்டித் தைச்சாங்க. அந்தாளு வந்து போட்டுப் பார்த்துட்டு, "லைனிங் மாத்தினதும் கோட்டே லேசான மாதிரி இருக்கே"ன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். மறுநாள் அவர் கத்திரியை எடுத்து அண்ணி மேஜையில வெச்சுட்டு டேப்பை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு முன்னாடி வந்துட்டார். ஒரு சண்டை இல்ல, ஒரு முணுமுணுப்பு இல்ல. அதுக்காக அண்ணனையும் நான் மெச்சத்தான் செய்வேன், அவர் காதுல விழாதபடிக்கு.

அண்ணி வேலை செய்யற விதமே தனி. அண்ணன் முன்னாடி நம்பர் நம்பரா சொல்லிக்கிட்டிருப்பார், அண்ணி திரை ஓரமா நின்னு ஆளைப் பார்ப்பாங்க. வாசல்லேருந்து கண்ணாடி வரைக்கும் எப்படி நடக்கிறான், எந்தத் தோள்ல பையை மாட்டுறான், பேசும்போது எங்க சாயறான். "டேப் நிக்கிற உடம்பைத்தான் அளக்கும் தம்பி. எந்த ஆளு நின்னுக்கிட்டே இருக்கான்?"னு கேப்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் வெளிய வந்து ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க: "இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

பாதிப் பேரு முழிப்பான். கோட்டைப் போட்டுக்கிட்டு என்னத்தைச் செய்வாங்க, போட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. ஆனா அண்ணி விட மாட்டாங்க. கார் ஓட்டுறவனுக்கு ஒரு வெட்டு, நாள் பூரா நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடுறவனுக்கு வேற வெட்டு. ஒரு வக்கீல் "சும்மா போட்டுக்கத்தான்"ன்னார். அண்ணி, "கோர்ட்ல கோவம் வந்தா எந்தக் கையை நீட்டுவீங்க?"ன்னு கேட்டு, நீட்ட வெச்சுப் பார்த்துட்டுத்தான் சாக்பீஸையே கையில எடுத்தாங்க.

கோணல் தையலைக் கண்டா மட்டும் அண்ணி அண்ணியா இருக்க மாட்டாங்க. யாரு போட்டதுன்னு பார்க்க மாட்டாங்க, சர்ருனு பிரிச்சிடுவாங்க. உள்ள போற தையலாச்சே, யாரு பார்க்கப் போறான்னு அண்ணன் ஒரு தடவை கேட்டார். "நான் பார்த்துட்டேனே"ன்னாங்க. இவ்வளவு பேசுறவங்க தன்னோட பிளவுஸை மட்டும் எதிர்த்த கடையில கொடுத்துத்தான் தைச்சுக்கறாங்க. கேட்டா, "அது வேற வித்தை, எனக்கு வராது"ம்பாங்க. எதிர்த்த கடைக்காரிக்கு அதுல ஒரு பெருமை. இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த அம்மாவும் பையனும் வந்த கதை.

பையன்னு சொல்றேன், கல்யாண வயசு ஆளு. நல்ல உயரம், அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டுறவன். காது கேக்காது, வாய்ப்பேச்சும் வராது. கையாலதான் பேசுவான். எப்படிப் பேசுவான்கிறீங்க! உள்ள வந்ததும் எங்க அண்ணனைக் காட்டி, டேப்பைக் காட்டி, அம்மாகிட்ட என்னமோ கையால சொன்னான், எனக்கே புரிஞ்சுது, 'இவரு ரொம்பப் பேசுவார் போல'ன்னு. நான் குபீர்னு சிரிச்சுட்டேன். அந்தம்மா சட்டுனு அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக் கீழ அழுத்தினாங்க. அவனும் ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். ரொம்ப நாள் பழக்கம்னு பார்த்தாலே தெரிஞ்சுது.

அண்ணன் அளவெடுத்து முடிச்சார். அண்ணி வெளிய வந்தாங்க. அவன் முகத்துக்கு நேரா நின்னு, உதடு தெரியற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாங்க, "கோட்டைப் போட்டுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

அவன் கை பாக்கெட்டை விட்டு வெளிய வந்துச்சு. அதுக்குள்ள அந்தம்மா முந்திக்கிட்டாங்க. "கல்யாண ரிசப்ஷனும்மா. சும்மா நிக்கப் போறான். எல்லாரும் ரெண்டு வார்த்தை பேசுவாங்க, இவனுக்குப் பதிலா இவன் மாமா, எங்க அண்ணன், மைக்ல பேசிடுவாரு. இவன் பக்கத்துல அழகா நின்னா போதும்." வெளிய வந்த கை மறுபடி உள்ள போயிடுச்சு.

அவனை வாசல்ல நிக்கச் சொல்லிட்டு அந்தம்மா மட்டும் திரும்பி வந்தாங்க. நேரா திரையை விலக்கி உள்ள வந்து அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ஒருத்தன் பெட்டியோட நிக்கிறதே அவங்க கண்ணுல படல.

"பொம்பளைக்குப் பொம்பளை சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. ஆம்ஹோலை, அதான் கை நுழையிற ஓட்டையை, சின்னதா வெச்சுடு. நல்லாப் பிடிக்கிற மாதிரி. அன்னைக்கு அவன் கையைத் தூக்க முடியாதபடி."

அண்ணி நிமிர்ந்து அவங்களைப் பார்த்தாங்க.

"என்னடா இவ இப்படிக் கேக்கிறாளேன்னு பார்க்கிறியா? இவன் கையைத் தூக்கினாலே ஜனங்க திரும்பிப் பார்க்குதும்மா. பஸ்ல பார்க்குது, கடையில பார்க்குது. ஏற்கனவே ஒரு சம்பந்தம் பேசி முடியற நேரத்துல நின்னு போச்சு. அந்த வீட்டு ஆளுங்க வாசல் தாண்டினதும் இவன் கையாட்டுறதைச் செஞ்சு காட்டிச் சிரிச்சாங்க. அவனுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குதே!"

அப்படிச் சொல்லிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. திட்டணும்னு வாய் வரைக்கும் வந்ததை நான் முழுங்கிட்டேன்.

அண்ணி அவங்க தோளைத் தொட்டு, "சரிம்மா. ஆம்ஹோலை எவ்வளவு சின்னதா வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதா வைக்கிறேன். என் வார்த்தையை நம்புங்க"ன்னாங்க.

அந்தம்மா போனதும் நான் பெட்டியை டமார்னு ஸ்டாண்டுல வெச்சேன். எனக்குக் கோவம் வந்தா அப்படித்தான், தெருவுக்கே தெரியும்.

"என்ன அண்ணி நீங்க? ஒரு மனுஷன் வாயைக் கட்டிப் போடுறதுக்குக் கோட்டு தைச்சுக் கொடுப்பீங்களா? அவனுக்கு அதுதானே வாய்!"

"தம்பி, துணியைக் கருக்கிடாதீங்க. நான் என்ன சொன்னேன்?"

"சின்னதா வைக்கிறேன்னு சொன்னீங்க."

"எவ்வளவு காலமா இந்தக் கடையில நிக்கிறீங்க? ஆம்ஹோல் சின்னதா இருந்தா என்ன ஆகும்?"

நான் வாயைப் பொளந்துட்டு நின்னேன். அப்புறம் சிரிச்சேன் பாருங்க, அண்ணன் முன்னாடியிருந்து ஓடி வந்துட்டார்.

விஷயம் இதுதான். கை தாராளமா போகணும்னா ஓட்டை பெருசா இருக்கணும்னு உலகமே நெனச்சுக்கிட்டிருக்கு. தப்பு. ஆம்ஹோல் பெருசா, கீழ இறங்கி இருந்தா, கையைத் தூக்கும்போது கோட்டையும் சேர்த்துத் தூக்கும். காலர் கழுத்தை விட்டுக் கிளம்பும், பட்டன் வயித்தைப் பிடிக்கும், ஆளு கோட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுவான். அதே ஆம்ஹோல் சின்னதா, அக்குளை ஒட்டி மேல நின்னுச்சுன்னா, கை மட்டும் தனியா போகும். கோட்டு இருந்த இடத்துல இருக்கும். எங்க தொழில்ல இருக்கிறவனைத் தவிர யாருக்கும் இது தோணாது. அந்தம்மா மகனைக் கட்டிப் போடணும்னு நெனச்சு, அவனுக்கு என்ன வேணுமோ அதையே ஆர்டர் கொடுத்துட்டுப் போயிருக்காங்க.

அண்ணனுக்குத்தான் பயம் வந்துடுச்சு. "ஆர்டர் கொடுத்தவங்க அவங்க. நாளைக்கு வந்து சண்டை போட்டா முன்னாடி நிக்கிறது நான்."

"கோட்டைப் போடப் போறது யாரு?"ன்னு அண்ணி கேட்டாங்க. "சொன்னபடிதானே செய்யறேன். ஒரு நூல் கூடக் கூட்டல."

சொல்றது சுலபம். சின்ன ஆம்ஹோல்ல ஒரு சிக்கல் இருக்கு. கொஞ்சம் தப்பினாலும் அக்குள்ல அறுக்கும், அப்புறம் அந்தம்மா ஆசைப்பட்டபடியே அவன் கை தூக்காம நிப்பான். அதனால அந்தக் கோட்டுக்கு அண்ணி பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. வெள்ளை நூல்ல ஓட்டுத்தையல் போட்டு டிரையலுக்கு வரச் சொன்னாங்க. அவன் அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தான், கட்டிக்கப் போற பொண்ணு. அவளுக்கு நல்லாக் காது கேக்கும், வாயும் இருக்கு, எங்க அண்ணனுக்கே ஈடு கொடுக்கிற வாய். அதே அச்சாபீஸ்ல பைண்டிங் பண்றவ.

"இவரோட ஜாடை எல்லாம் உனக்கு எப்படிம்மா புரியுது?"ன்னு நான் கேட்டேன்.

"ஜாடை இல்லீங்க, பேச்சு"ன்னு வெடுக்குனு சொன்னா. "எங்க மெஷின் சத்தத்துல காது கேக்கறவங்களும் கையாலதான் பேசணும். நாங்க எல்லாரும் இவர்கிட்டதான் கத்துக்கிட்டோம். அங்க இவருதான் பெரிய வாயாடி."

அண்ணி மறுபடி அவன் முன்னாடி நின்னு அதே கேள்வியைக் கேட்டாங்க. இந்தத் தடவை கையைப் பிடிக்க ஆள் இல்ல. அவன் சொன்னான், அவ வாயால எங்களுக்குச் சொன்னா: "பேசப் போறேன். என் கல்யாணத்துல நானே பேசணும். மாமா பேச வேண்டாம்." கொஞ்சம் நிறுத்திட்டு மறுபடி கையை அசைச்சான். "ஆனா அம்மா முகத்தைப் பார்த்தா என் கை தானா பாக்கெட்டுக்குள்ள போயிடுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

அண்ணி சாக்பீஸைக் கையில எடுத்தாங்க. "பேசுங்க, பார்க்கிறேன்"ன்னாங்க. அவன் பேசினான். என்ன பேசினான்னு அந்தப் பொண்ணு சொல்லல, வெக்கப்பட்டுச் சிரிச்சா, அதனால நாங்களும் கேக்கல. அண்ணி மட்டும் அவனைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. எந்த வார்த்தைக்கு எந்தப் பக்கம் துணி இழுக்குதுன்னு சாக்பீஸால கோடு போட்டாங்க. போட்டு முடிச்சுட்டு அவன் உடம்புல இருக்கும்போதே கோட்டோட ரெண்டு கையையும் உருவிப் பிரிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு பதறிட்டா. நான், "பயப்படாதம்மா, இது பாசத்துல பிரிக்கிறது"ன்னேன்.

அப்புறமும் டிரையல் நடந்துச்சு, அதுக்கப்புறமும் நடந்துச்சு. கையோட மேல் பக்கத்துல துணியைக் கொஞ்சம் அதிகமா விட்டு, அதைச் சுருக்கம் தெரியாம அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள அடக்கணும். அடக்குறது ஊசி இல்ல, என் பெட்டி. ஆவி பிடிச்சு, அழுத்தி, ஆற விட்டு, மறுபடி. என் வாழ்க்கையில ஒரு கைக்கு நான் அவ்வளவு நேரம் நின்னதில்ல. கடைசியா அண்ணி விரலால தடவிப் பார்த்துட்டு, "தம்பி, இது உங்க கை"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. ஆவின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

கோட்டை வாங்கிட்டுப் போக அவன் தனியாத்தான் வந்தான். புதுக் கோட்டுல பக்கத்துப் பாக்கெட் ரெண்டையும் தேய்க்கும்போது வாய் பொளக்காம இருக்க நூலால மூடி வெச்சிருப்போம். கடைசியா தேய்ச்சு முடிச்சதும் அந்த நூலைப் பிரிக்கிறது என் வேலை. பிரிச்சாச்சு. அவன் போட்டுப் பார்த்தான், கையை மேல தூக்கினான், சுத்தினான், கண்ணாடியைப் பார்த்து என்னமோ நீளமா பேசினான். காலர் கழுத்தை விட்டு அசையல. பேன்ட் பாக்கெட்டைக் கோட்டு மறைச்சிருந்ததால, சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் கோட்டுப் பாக்கெட்ல போட்டவன், திடீர்னு வெளிய எடுத்து அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அண்ணிகிட்டப் போய் பாக்கெட் வாயைத் தடவி, விரலால தைக்கிற மாதிரி காட்டினான். தையல் அருமைன்னு பாராட்டுறான்னு நெனச்சு நான் அடுத்த பேன்ட்டை எடுத்துட்டேன்.

ரிசப்ஷனுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. ஹால் நிறைய ஜனம். மாப்பிள்ளை மேடையில நிக்கிறான், கோட்டுன்னா அப்படியொரு கோட்டு. அண்ணன் பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் "நம்ம கடை, நம்ம கடை"ன்னுக்கிட்டிருந்தார். பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை பேசினார். அடுத்து மாப்பிள்ளை வீட்டு சார்பா மாமா எழுந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு மைக் பக்கம் நடந்தார். மாப்பிள்ளை ஒரு அடி முன்னாடி வெச்சான். அம்மா முன் வரிசையிலேருந்து அவனைப் பார்த்தாங்க. பார்வைதான், வேற ஒண்ணுமில்ல. அவன் ரெண்டு கையும் அப்படியே கீழ பாக்கெட்டுக்குப் போச்சு.

போச்சு, ஆனா உள்ள போகல.

வழுக்கிட்டு வெளிய வந்துச்சு. மறுபடி போச்சு, மறுபடி வழுக்குச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. பாக்கெட் மூடியிருக்கு! நூல் பிரிக்கல!

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "டேய், பிரிச்சியா இல்லையாடா?"

"சத்தியமா பிரிச்சேண்ணே!"

"கடை மானம் போச்சுடா பாவி!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"ன்னாங்க அண்ணி. அவங்க முகத்தைப் பார்த்தேன். பதட்டமே இல்ல. மேடையை விட்டுக் கண்ணை எடுக்கல.

அவன் குனிஞ்சு பாக்கெட்டைப் பார்த்தான். என்னமோ ஞாபகம் வந்தவன் மாதிரி எங்க பக்கம் பார்த்துச் சிரிச்சான். போக வேற இடமில்லாம ரெண்டு கையும் மேல வந்துச்சு. அந்தப் பொண்ணு ஓடிப் போய் மாமாகிட்டேருந்து மைக்கை வாங்கிக்கிட்டு அவன் பக்கத்துல நின்னா. அவன் பேசினான், அவ குரல் கொடுத்தா.

"எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரிசையில இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? என் மாமனார் பேசினது அங்க கேட்டிருக்காது. நான் பேசுறது கேக்கும். எனக்கு மைக்கே வேண்டாம்."

ஹாலே சிரிச்சுது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாங்க. ஆனா சிரிப்பு வேற மாதிரி சிரிப்பு. மாமனாரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். பின்னாடி அச்சாபீஸ் ஆளுங்க ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்னு, கேக்குது கேக்குதுன்னு கையாலயே பதில் சொல்றாங்க. அம்மா விரல் இடுக்கு வழியா அதைப் பார்த்தாங்க. மெதுவா கையை இறக்கினாங்க.

அவன் அவங்களைப் பார்த்து நின்னு பேசினான். "எங்க அம்மாவுக்கு என் பேச்சு பாதிதான் தெரியும். ஆனா எனக்குப் பசிக்குதுன்னு, எனக்கு வலிக்குதுன்னு, நான் சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அவங்கதான். என்னைப் பார்த்து யாராவது சிரிச்சா அவங்களுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. எனக்காக அவ்வளவையும் அவங்க கேட்டாங்க. போதும்மா. இனிமே நீங்க நிம்மதியா இருங்க."

அவன் கை தலைக்கு மேல போச்சு, ரெண்டு பக்கமும் விரிஞ்சுது, நெஞ்சுக்குத் திரும்புச்சு. அந்தக் காலர் ஒரு நூல் அசையணுமே! அசையல. நான் அழுதுக்கிட்டே அந்தத் தோளைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க அண்ணியை மாதிரி ஒருத்தி இந்த உலகத்துல இல்லேன்னு எழுந்து நின்னு கத்தணும் போல இருந்துச்சு.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், "நூலை நான் பிரிச்சேன், மறுபடி யாரு போட்டது?"

"நான்தான். துணி கலர்லயே பட்டு நூல் எடுத்துப் போட்டேன். பாக்கெட்டை மூடச் சொல்லி அவருதான் கேட்டார், தம்பி. நீங்க அங்கதானே நின்னீங்க? கண்ணால பார்த்துட்டுத்தான் இருந்தீங்க."

கொஞ்ச நாள் கழிச்சு அந்தம்மா கடைக்கு வந்தாங்க, கையில ஒரு பை. அண்ணனுக்குத் திடீர்னு பின்னாடி ரூம்ல பட்டன் தேடுற வேலை வந்துடுச்சு. வாய்வீச்சு எல்லாம் இந்த மாதிரி நேரத்துல எங்க போகுமோ தெரியல. நானும் அண்ணியும்தான் நின்னோம்.

"ஆம்ஹோலைச் சின்னதா வைக்கச் சொன்னேன்"ன்னாங்க.

"சின்னதாத்தாம்மா வெச்சேன். இந்தக் கடையில வெச்சதுலயே இதுதான் ரொம்பச் சின்னது. டேப் தரேன், நீங்களே அளந்து பாருங்க."

அந்தம்மா அண்ணியையே பார்த்தாங்க. அப்புறம் உதடு துடிச்சு, சிரிப்பு வந்துடுச்சு. "தெரியாத்தனமா சரியா சொல்லிட்டேன் போல இருக்கே"ன்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

பையிலேருந்து கோட்டை எடுத்து மேஜையில விரிச்சாங்க. ஒரு பக்கத்துப் பாக்கெட்ல தையல் விட்டு, நூல் தொங்கிக்கிட்டிருந்துச்சு. பழக்கம் விடுமா? கையை வெச்சு வெச்சு இழுத்திருக்கான். நான் முந்திக்கிட்டு, "கொடுங்கம்மா, ஒரு நிமிஷத்துல பிரிச்சுடறேன்"னு தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. அவனைப் பிடிப்பாங்களே, அதே பிடி.

"பிரிக்காதீங்க. நல்லா அழுத்தமா போட்டு மூடணும். அதுக்குத்தான் கொண்டு வந்தேன்."

அண்ணி ஊசியில நூல் கோத்தாங்க. போடப் போறாங்கன்னு பார்த்தா, ஊசியை அந்தம்மா கையில கொடுத்து நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. அந்தம்மா உக்காந்து, கோட்டை மடியில வெச்சு, கண்ணை இடுக்கிக்கிட்டு மெதுவா தைச்சாங்க. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, பாதியில கோணிக்கிட்டு மேல ஏறிடுச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எங்க அண்ணி பார்க்கிறாங்களே!

முடிச்சுப் போட்டு நூலைக் கடிச்சுட்டு நீட்டினாங்க. அண்ணி வாங்கி, வெளிச்சத்துல பிடிச்சு, கடைசி வரைக்கும் பார்த்துட்டு என்கிட்டக் கொடுத்தாங்க.

"மத்த இடத்தையெல்லாம் தேய்ச்சுக் கொடுங்க தம்பி. இந்த இடத்துல மட்டும் பெட்டியை வைக்காதீங்க, தையல் அப்படியே இருக்கட்டும்."